மூட்டையிலிருந்து சுவர் வரை: இறுதியாண்டு ஓவியத் தொடருக்கு ஒரு வழிகாட்டி

இறுதியாண்டு பெயின்டிங் மாணவர்களிடம் வகுப்பு தொடங்கிய வாரத்திலிருந்தே எல்லோரும் கேட்பார்கள்: "தீம் என்ன?" கேட்பவர் சீனியராக இருக்கலாம், கேன்டீன் அண்ணனாகக்கூட இருக்கலாம். சொல்ல எதுவும் இல்லையென்றால் வயிற்றைக் கலக்கும். அந்தக் கலக்கத்தில்தான் 'பெண்மை', 'இயற்கையும் மனிதனும்', 'நகரத்தின் தனிமை' மாதிரியான தலைப்புகள் பிறக்கின்றன. நானும் 'நகரமும் உழைப்பும்' என்று எழுதிக் கொடுத்தவன்தான். தாளைத் திருப்பிக் கொடுத்த ஆசிரியர் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார்: "எங்கே?"

முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்த ஒரு வார்த்தைதான் வருஷம் முழுக்க எனக்கு வேலை கொடுத்தது. சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளிலோ வேறெங்கோ இறுதியாண்டில் நுழைகிறவர்களுக்காக, நான் செய்ததையும் சொதப்பியதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

தலைப்பை விடுங்கள், பொருளைப் பிடியுங்கள்

'உழைப்பு' என்பதை யாரும் பார்த்ததில்லை. எங்கள் தெருமுனையில் வாதாங்கொட்டை மரத்தடியில் நிற்கும் இஸ்திரி வண்டியைப் பார்த்திருக்கிறேன். ஸ்கெட்ச்புக்கை எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்றேன். வண்டியை நடத்துவது ஓர் அக்காவும் அவர் கணவரும். முதல் நாள் படம் எதுவும் வரையவில்லை. என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லி, வரையலாமா என்று கேட்டேன். "வரைஞ்சுக்கோ தம்பி, வழிய மறிச்சுக்கிட்டு நிக்காதே" என்றார் அக்கா. பிழைப்பு நடக்கும் இடத்தில் செல்போனை நீட்டிக்கொண்டு போய் நிற்பது அசிங்கம். பேசிப் பழகிவிட்டால் அதன் பிறகு போட்டோ எடுப்பதில் யாருக்கும் சங்கடம் இருக்காது.

முதல் ஒரு வாரம் எல்லாவற்றையும் வரைந்தேன்: வண்டி, அண்ணன், கரிப்பெட்டியில் கனலும் நெருப்பு, மரத்தின் நிழல். பார்க்க அழகாகத்தான் இருந்தன. மளிகைக்கடைக் காலண்டரில் போடலாம், அவ்வளவு அழகு. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, வண்டிக்கு அடியில் கிடந்த மூட்டைகள் கண்ணில் பட்டன. ஒவ்வொரு வீட்டுத் துணியும் அந்த வீட்டின் பழைய பெட்ஷீட்டிலோ லுங்கியிலோ நைந்த புடவையிலோ கட்டி வந்திருந்தது. எந்த மூட்டை எந்த வீடு என்று அக்காவுக்குப் பிரிக்காமலே தெரியும். ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் மொத்தமும் உள்ளே இருக்கிறது, வெளியே தெரிவது முடிச்சு மட்டும்.

'எங்கே?' என்று கேட்டவருக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது: வண்டிக்கு அடியில்.

ஆகவே முதல் வேலை: ஒரே இடத்துக்குக் குறைந்தது பத்து நாள் போங்கள். நாளுக்கு மூன்று சிறு படங்கள், உள்ளங்கை அளவு போதும். முப்பது சேர்ந்ததும் தரையில் பரப்புங்கள். தெரியாமலேயே எதைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறீர்களோ அதுதான் உங்கள் தொடர். மற்றதெல்லாம் அங்கே போய்ச் சேர நீங்கள் கொடுத்த பஸ் சார்ஜ்.

மாறாதது எது, மாறுவது எது

ஒரே ஆள் வரைந்த பத்துப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் அது தொடராகிவிடாது. சில விஷயங்களைக் கட்டிப்போட்டுவிட்டு ஒன்றிரண்டை மட்டும் அவிழ்த்துவிட வேண்டும்.

பிரெஞ்சு ஓவியர் மோனே 1891 மே மாதம் பாரிஸில் பதினைந்து வைக்கோல் போர் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். போர் மாறவில்லை, அதன்மேல் விழும் வெளிச்சம் மாறியது. பல கேன்வாஸ்களை வயலுக்குக் கொண்டுபோய், வெளிச்சம் நகர நகர ஒன்றை எடுத்து வைத்துவிட்டு அடுத்ததைத் தீட்டினார். நம் பக்கத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பாருங்கள். எழுத்து போலத் தெரியும், ஆனால் படிக்க முடியாது. ஜாதகக் கட்டம் போலத் தெரியும், ஆனால் பலன் சொல்லாது. அந்த இலக்கணத்தை விடாமல் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் போனார். அவர் முன்னின்று 1966-இல் உருவாக்கிய சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் சென்னைக் கலை இயக்கத்து ஓவியங்களை நேரில் பார்க்கலாம். போட்டோவில் பார்த்தால் தூரிகை எங்கே அழுத்தியது, எங்கே நழுவியது என்பது பிடிபடாது. ஓவியர் ஆதிமூலம் 1969-இல், காந்தி நூற்றாண்டையொட்டிக் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். ஆளும் ஒருவர், நிறமும் கறுப்பு ஒன்று. நூறிலும் கை சலிக்காமல் ஓடுகிறது.

நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். என் பக்கம் இப்படி இருந்தது. இடது பக்கம், மாறாதவை: கேன்வாஸ் அளவு, ஒரு படத்துக்கு ஒரு மூட்டை, கண்மட்டத்துக்குக் கீழே இருந்து பார்க்கும் கோணம், பின்னணியில் வெறும் தரை. வலது பக்கம், மாறுபவை: துணியின் டிசைன், மூட்டையின் பருமன். வலது பக்கத்தில் ஐந்தாறு வரிகள் சேர்ந்துவிட்டால் தொடர் இன்னும் கைக்கு வரவில்லை என்று பொருள். மூன்றாவதாக 'நேரம்' என்றும் எழுதியிருந்தேன், காலை வெளிச்சம், மாலை வெளிச்சம் என்று. இரண்டு மாதிரி வரைந்ததும் அடித்துவிட்டேன். மோனே ஏற்கெனவே செய்ததை நான் தெருமுனையில் திரும்பச் செய்துகொண்டிருந்தேன்.

அளவும் எண்ணிக்கையும் பணமும்

இந்த மூன்றையும் ஒரே நாளில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், ஒன்றை விட்டு ஒன்றில்லை. உங்களுக்குக் கிடைக்கப்போகும் சுவரை முதலில் டேப்பால் அளக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது 20 அடி, அதாவது 240 அங்குலம். படத்தின் அகலம் 24 அங்குலம் என்றால் ஏழு படத்துக்கு 168. மீதி 72. ஏழு படங்களுக்கு இடையே ஆறு இடைவெளி, இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று, ஆக எட்டு. ஒவ்வொன்றும் 9 அங்குலம். நெருக்கமாகத்தான் இருக்கும், ஆனால் மூட்டைகளுக்கு அந்த நெருக்கம் பொருந்தியது. உங்கள் விஷயம் மூச்சுவிட இடம் கேட்கிறதென்றால் ஐந்து போதும்.

வீட்டு வாசலையும் அளந்துகொள்ளுங்கள். என் வகுப்புத் தோழன் ஆறடிக்கு ஆறடி வரைந்துவிட்டு, மாடிப்படி வளைவில் திருப்ப முடியாமல் சட்டத்தைப் பிரித்து, கேன்வாஸைச் சுருட்டிக் கொண்டுபோனான். ஆட்டோவில் ஏறுகிற அளவு என்பதைக் கலைக்குச் செய்யும் துரோகம் என்று யாராவது சொன்னால், வண்டி வாடகையை அவரிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏழு மாட்டப்போகிறீர்கள் என்றால் பத்துப் பதினொன்றுக்குத் துணி வாங்குங்கள். சில கட்டாயம் தோற்கும். பட்ஜெட்டில் வண்ணத்துக்கும் துணிக்கும் மட்டும் கணக்குப் போட்டுவிட்டு, சட்டத்துக்கான மரம், கொக்கி, கம்பி, லேபிள் அச்சு, வண்டி வாடகை எல்லாவற்றையும் மறந்துவிடுவது எல்லோரும் செய்கிற தப்பு. கடைசி வாரத்தில் கடன் வாங்க வைப்பது அவைதான்.

கேன்வாஸ் தயாரிப்பு

ரெடிமேட் கேன்வாஸ் வாங்க வசதியிருந்தால் வாங்கிவிடுங்கள். நானே செய்தேன், காசு மிச்சம், கை பழகியது. சட்டத்தின் அளவைவிடப் பக்கத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாகத் துணியை வெட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் முதல் பின், அதற்கு நேரெதிர்ப் பக்கத்தில் இழுத்து அடுத்த பின். இப்படி எதிரெதிராக நடுவிலிருந்து மூலைக்குப் போக வேண்டும். மூலையில் தொடங்கினால் சுருக்கம் நடுவில் வந்து நிற்கும், பிறகு எத்தனை இழுத்தாலும் போகாது. விரலால் தட்டினால் பறை மாதிரி ஒலிக்கணும்.

அடுத்து ஜெஸ்ஸோ, அதாவது வண்ணத்துக்கு முன் துணியில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு, மூன்று கோட். ஒன்று நெடுக்காக, அடுத்தது குறுக்காக. ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கவும். பசையையும் சாக்பவுடரையும் கலந்து வீட்டிலேயே செய்யும் ஜெஸ்ஸோ சிக்கனம்தான், ஆனால் சுருட்டினால் வெடிக்கும். மேலே சொன்ன என் தோழனின் ஆறடிப் படம் வெடித்தது அப்படித்தான். எல்லாக் கேன்வாஸ்களையும் ஒரே வாரத்தில், ஒரே டப்பாவிலிருந்து தயார் செய்துவிடுங்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ், தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்குத் தன் மக்கள் பெயர்ந்து போன கதையை 1940–41-இல் அறுபது பலகைகளில் தீட்டினார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று, நம் இறுதியாண்டு மாணவர்களைவிட ஒன்றிரண்டு வயது கூட. ஒவ்வொரு பலகையும் 12-க்கு 18 அங்குலம்தான். நூலகத்தில் படித்து, முதலில் ஒவ்வொரு படத்துக்குமான வாசகத்தை எழுதினார். அறுபது பலகைகளுக்கும் வெள்ளை பூசித் தயார் செய்வதில் ஓவியர் க்வென்டலின் நைட் உதவினார், பின்னாளில் லாரன்ஸின் மனைவி ஆனவர். அதன் பிறகு ஒரு நிறத்தை எடுத்து, அது எந்தெந்தப் பலகைகளில் வர வேண்டுமோ அத்தனையிலும் பூசிவிட்டு அடுத்த நிறத்துக்குப் போனார். முதல் பலகையின் கறுப்பும் அறுபதாம் பலகையின் கறுப்பும் ஒன்றாக இருப்பது அதனால்தான். இன்று அவற்றில் பாதி ஒரு மியூசியத்திலும் பாதி இன்னொன்றிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. எங்கே பார்த்தாலும் ஒரே குடும்பம் என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொன்றாக முடித்தால் என்ன ஆகும்? நவம்பரில் வரைந்த முதல் படம் பயந்து பயந்து வரைந்தது போலவும், மார்ச்சில் வரைந்த கடைசிப் படம் கை ஓடி வரைந்தது போலவும் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் இரண்டு பேர் வரைந்த மாதிரித் தெரியும்.

நான் பதினொரு கேன்வாஸ்களையும் அறைச் சுவர்களில் சாய்த்து வைத்தேன். படுக்கை நடுவில். முதலில் எல்லாவற்றிலும் தரையின் நிறம், பிறகு எல்லாவற்றிலும் நிழல், பிறகுதான் துணி. நிறங்களும் ஐந்துதான்: டைட்டானியம் வெள்ளை, எல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரீன் (நீலம்), ஒரு சிவப்பு. அல்ட்ராமரீனையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் உயிருள்ள கருமை கிடைக்கும், டியூப் கறுப்பு வேண்டியதில்லை. பிரஷ்யன் நீலத்தை நான் டப்பாவுக்குள்ளேயே விடவில்லை. ஒரு துளி விழுந்தாலும் தட்டு முழுக்கத் தன் ஆட்சி என்று வந்துவிடும். என்ன விகிதத்தில் கலந்தீர்கள் என்பதை நோட்டில் ஒரு தீற்றலாகப் பூசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே நிழல் நிறம் வேண்டும்போது ஞாபகத்தை நம்ப முடியாது.

எண்ணெயா அக்ரிலிக்கா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. எண்ணெய் என்றால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அது தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால் அடிப்பூச்சு டர்பன்டைன் கலந்து மெலிதாகவும், மேல்பூச்சு எண்ணெய் கூடியதாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மேலே முந்திக் காய்ந்து பிளக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் சென்னையில் எதுவும் சீக்கிரம் காயாது, நாள் கணக்கில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைப் பந்தாகச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். அவசரக்காரர்கள் அக்ரிலிக்கில் அடிப்பூச்சு போட்டு மேலே எண்ணெய் தீட்டலாம். எண்ணெய்க்கு மேல் அக்ரிலிக் மட்டும் கூடாது, ஒட்டாமல் உரிந்து வரும்.

நடுவில் ஒரு நாள் எல்லாம் கசந்துபோகும்

பாதி முடிந்த நிலையில் வரும் அது. வேறு தலைப்பு, வேறு மீடியம், வேறு படிப்பு என்று மனம் ஓடும். அப்போது புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். படங்களை அந்த விஷயத்தை அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அவர் ஓவியம் அறிந்தவராக இருக்க வேண்டியதில்லை.

நான் செல்போனில் படங்களை எடுத்துக்கொண்டு இஸ்திரி அக்காவிடம் போனேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவர் நாலாவதில் நின்றார்.

"இது என் மூட்டை இல்லையே."

"இல்லக்கா, இங்க பார்த்துதான் வரைஞ்சேன்."

"முடிச்சப் பாரு. எதிரெதிர் முனை ரெண்டை இழுத்து முதல்ல கட்டணும், மத்த ரெண்டும் அதுக்கு மேல. நீ நாலையும் ஒண்ணா சேத்துக் கட்டிட்டே. இப்படிக் கட்டி சைக்கிள்ல மாட்டினா பாதி வழியில அவுந்துடும் தம்பி."

பதினொன்றில் ஆறு படங்களில் அந்தப் பொய் முடிச்சு இருந்தது. அழகாக இருக்கிறதே என்று கையே போட்டுக்கொண்ட முடிச்சு. அன்றிரவு ஒரு பழைய பெட்ஷீட்டில் என் துணிகளைப் போட்டு அக்கா சொன்னபடி கட்டிப் பார்த்தேன். அடி முடிச்சு இறுகும்போது துணியின் மடிப்புகள் எல்லாம் அதை நோக்கி ஓடுகின்றன, மேல் முடிச்சின் இரண்டு காதுகள் மட்டும் தளர்ந்து நிற்கின்றன. இறுக்கமும் தளர்ச்சியும் ஒரே இடத்தில். மூன்று மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த படம் அது. ஆறில் இரண்டைத் திருத்தினேன், நாலைத் தூக்கிச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

மிச்சம் ஏழு, சுவருக்குக் கணக்குப் போட்ட அதே எண். எண்ணிக்கையை நான் முடிவு செய்தேன் என்று இன்றுவரை யாரிடமும் சொல்வதில்லை.

பெயர், குறிப்பு, போட்டோ

பெயர்களை முதலில் 'மூணாவது மாடி டீச்சர்', 'மெடிக்கல் ஷாப்காரர்' என்று வைத்திருந்தேன். அந்தத் தெருக்காரர் யாராவது வந்து பார்த்தால் அடுத்தவர் வீட்டு அழுக்கு மூட்டையை நான் ஊருக்குக் காட்டிய கணக்காகிவிடும். 'பச்சைக் கட்டம், திங்கள்' என்று துணியையும் கிழமையையும் வைத்து மாற்றினேன்.

உங்கள் தொடரைப் பற்றிய குறிப்பு அரைப் பக்கம் போதும். என்ன பார்த்தேன், எதை விடாமல் வைத்துக்கொண்டேன், எப்படித் தீட்டினேன் என்ற மூன்றுக்கும் விடை இருந்தால் சரி. 'இருத்தலியல்', 'பரிமாணம்', 'தளம்' இவற்றையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். இன்னும் ஏதாவது மிச்சம் இருந்தால் அதுதான் உங்கள் குறிப்பு. சத்தமாகப் படித்து அம்மாவுக்குப் புரிகிறதா பாருங்கள்.

லேபிளில் உங்கள் பெயர், படத்தின் பெயர், மீடியம், அளவு, ஆண்டு. உயரம் முதலில், அகலம் பிறகு: 30 × 24 அங்குலம். போட்டோவை மேகமூட்டமான நாளில், வெட்டவெளி நிழலில் எடுங்கள். கேமரா படத்தின் நடுவுக்கு நேராக இருக்கட்டும். கிட்டப் போய் எடுக்காமல் இரண்டு எட்டு பின்னால் வந்து கொஞ்சம் ஜூம் செய்தால் ஓரங்கள் வளையாது. எண்ணெய் ஓவியத்துக்குக் கண்காட்சி அவசரத்தில் வார்னிஷ் அடிக்காதீர்கள். கனமாகத் தீட்டியிருந்தால் ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.

மாட்டுவது

சுவரை ஒரு அங்குலம் ஒரு அடி என்ற கணக்கில் அட்டையில் செய்து, படங்களின் சின்ன பிரிண்ட்டுகளை ஒட்டி ஒட்டி மாற்றிப் பாருங்கள். மிக நல்ல படத்தை நடுவில் வைக்க ஆசை வரும். நான் அதை வலது கோடியில் வைத்தேன், நடந்து வந்தவர் அங்கே நின்றார்.

எல்லாப் படங்களின் நடுப்புள்ளியும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், 58 அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆணி எங்கே? 58-உடன் படத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, கம்பியை இழுத்துப் பிடித்தால் அது படத்தின் மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழிக்க வேண்டும். 30 அங்குலப் படம், கம்பி 3 அங்குலம் கீழே என்றால் 58 + 15 − 3 = 70. பென்சிலால் குறித்துவிட்டு டிரில் போடுங்கள். ரசமட்டம் கையில் இருக்கட்டும். கண்ணால் பார்த்து நேராக்கினால் ஏழாவது படம் வரும்போது மொத்த வரிசையும் ரயில் மேடேறுவது போல ஏறியிருக்கும். இந்த வேலைக்கு இரண்டு பேர், முழுசாக ஒரு பகல் வேண்டும். திறப்புவிழாக் காலையில் செய்யலாம் என்று விட்டவர்கள் சட்டையெல்லாம் சுண்ணாம்போடு விருந்தினரை வரவேற்றிருக்கிறார்கள்.

வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) வந்த எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "ஏன் ஏழு?" முடிச்சுக் கதையைச் சொன்னேன். "மீதி நாலு எங்கே?" என்றார். திருப்பி வைத்திருந்ததைக் காட்டினேன். மாட்டிய ஏழை விட அவற்றின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார். தோற்ற படங்களையும், ஸ்கெட்ச்புக்கையும், நிறம் கலந்த நோட்டையும் மேஜைக்கு அடியில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள். அழுக்காக இருந்தால் பரவாயில்லை.

படங்களைச் சுவரிலிருந்து இறக்கும் நாளைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. படத்தின் முகத்தில் நேராகக் குமிழ்த்தாளைச் சுற்றினால் காயாத வண்ணத்தில் வட்ட வட்டமாகத் தழும்பு விழும். முதலில் பட்டர் பேப்பர், அதற்கு மேல் குமிழ்ப்பக்கம் வெளியே பார்க்கும்படி சுற்றுங்கள். இரண்டிரண்டாக முகத்தோடு முகம் வைத்து, நடுவில் அட்டை கொடுத்துக் கட்டுங்கள். அக்கா சொன்ன முடிச்சு இதற்கும் நன்றாக நிற்கிறது. ஆணி ஓட்டைகளில் பட்டி வைத்து மூடிக் காலேஜ் சுவரை ஒப்படையுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனதும் குளியலறையை ஒட்டிய சுவரில் மட்டும் சாய்த்துவிடாதீர்கள், அடுத்த மழைக்குள் பின்பக்கம் பூஞ்சை பிடித்துவிடும்.